சின்னாவுக்கு முடியிறக்கிய மாக்கதை

ரகுவை வணங்கித் தொடங்குகிறோம். பழைய இரும்பு மலைமலையாய்க் குவிந்து கிடக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரு கொம்பு முன்னீட்டி, பின்னகரும் போதெல்லாம் பீப் பீப் என்று முரசறைந்து வரும் மஞ்சள் வேழமாகிய ஃபோர்க்லிஃப்டை ஒற்றைக் கையால் வளைத்தோட்டும் பாகனை. லாரியின் வாய்க்குள் பாரத்தை உரசாமல் நுழைத்து உரசாமல் விலகும் நுண்கரத்தோனை. புகையே மூச்சாகவும் டீயே உணவாகவும் மூன்று ஷிப்டுகளையும் மாறி மாறிப் பொருது வென்ற தீரனை. அருணாவின் கொழுநனை, சின்னாவின் தந்தையைப் பாடப் புகுகிறோம். கலைமகளே, எம் நாவில் வந்து அமர்க. அங்கே கொஞ்சம் வெற்றிலைச் சாறு இருக்கிறது, ஓரமாக உட்கார்ந்துகொள்க.

வீரம் உண்டு, தொழில் உண்டு, பி.எஃப். நம்பர்கூட உண்டு. இத்தனை பேறும் வாய்க்கப்பெற்ற அப்பெருமகனுக்கு ஒரே ஒரு குறை. தன் குலதெய்வம் எதுவென்று அவனுக்குத் தெரியாது.

இக்குறை உலகறிய வெளிப்பட்ட களம், ஸ்டேஷன் ரோட்டிலுள்ள ஓர் அச்சகம். பிறப்புச் சான்றிதழில் அன்புராஜ் என்றும் வீட்டில் சின்னா என்றும் அழைக்கப்படும் ஆண்மகவுக்கு ஓராண்டு நிறையும் தருவாயில், மொட்டையடித்துக் காது குத்தும் பெருவிழாவுக்குப் பத்திரிகை அடிக்கப் போயிருந்தான் ரகு. உடன் போனவன் சரவணகுமார். அவன் அருணாவின் அண்ணன், செவ்வாப்பேட்டைச் செம்மல், தாய்மாமன் என்னும் அரியணையில் மருமகன் பிறந்த அன்றே ஏறி அமர்ந்து, அதன்பின் ஒரு கணமும் கீழே இறங்காத மன்னன். அச்சகத்துப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து முகம் எடுக்காமலே கேட்டாள்.

"மேல இன்னா சாமி துணைன்னு போடறது?"

அந்தக் கேள்வி ஈட்டிபோல் பாய்ந்தது என்றால் அது ஈட்டிக்குத்தான் பெருமை. ரகுவின் வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து முருகன் வரவில்லை, மாரி வரவில்லை, முனீஸ்வரன் வரவில்லை, வெறும் காற்றே வந்தது. தமிழ்நாட்டில் நாய்க்குட்டிக்குப் பேர் வைக்கும் விழாவானாலும் பத்திரிகையின் தலைமாட்டில் ஒரு சாமி நின்று துணைபுரிந்தாக வேண்டும். நம் நாயகனின் பத்திரிகையிலோ அந்த இடம் காலி மனையாகக் கிடந்தது. அப்போது சரவணகுமார், பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுப்பவன் முகத்தோடு திருவாய் மலர்ந்தான்.

"எங்க சாமிய போட்டுக்கோ மாப்ள. உங்க ஊட்ல இல்லன்னா இன்னா, எங்களுது கீதே."

அந்த நொடியில் ரகுவின் காது சிவந்தது, கழுத்து சிவந்தது, அவன் வேலை பார்க்கும் இரும்பாலையின் உலையே சற்று வெளுத்துத் தெரியும்படி முகம் சிவந்தது. ஏனென்றால், பிறந்த முடி தகப்பன் வழிச் சாமிக்கு உரியது என்பது பெருவழக்கு. அதைக் கொண்டுபோய் மாமன் வீட்டுச் சாமியின் காலடியில் கொட்டுவதென்பது, தன் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வீட்டு இனிஷியலைப் போடுவதற்குச் சமம். பத்திரிகை அடிக்காமலே திரும்பி வந்தார்கள். ஓராண்டு நிறைந்து கடந்தது. ஒற்றைப்படை வயதில்தான் முடியிறக்க வேண்டும் என்பது அம்மரபு வைத்த இன்னொரு பொறி ஆதலால், ஒன்றில் தவறிய முடி இனி மூன்றில்தான் இறங்க முடியும்.

ஆகவே முடி வளர்ந்தது. எப்படி வளர்ந்தது என்பீரேல், பருவமழைக்குப் பிந்தைய தரிசு நிலத்துப் பார்த்தீனியம்போல் கேட்பாரின்றி வளர்ந்தது. புருவம் மறைத்து, செவி மறைத்து, பிடரி கடந்து முதுகை நோக்கிப் படையெடுத்தது. அருணா அதை இரண்டாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் மூன்றாக வகுத்து, சிவப்பு ரிப்பன் கொண்டு சிறைசெய்தாள். பஸ்ஸில் கண்டக்டர்கள், "பாப்பாவ மடில வச்சிக்கோம்மா" என்றார்கள். அங்கன்வாடியில் சின்னாவைப் பெண்பிள்ளைகள் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவனும் மறுப்புச் சொல்லவில்லை, அந்த வரிசைக்குத்தான் முட்டை முதலில் வந்தது. கத்திரி வெயிலில் அத்தலையில் வேனல் கட்டிகள் எழுந்தன. அடர்கானகத்தில் பேன்கள் குடியேறி, ஊர் சமைத்து, வம்சம் பெருக்கின. தம் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்று அந்தப் பேன்களுக்காவது தெரிந்திருக்கும். காலைதோறும் ஈர்கொல்லிச் சீப்பேந்தி அருணா நடத்திய போரில் பையனின் அலறல் தெருமுனை டீக்கடை வரை கேட்டது.

அவ்வாறிருக்கையில், ஒரு பொங்கல் திருநாளில், சீர்வரிசைக் கரும்பைக் கோலாக ஊன்றி நின்று சரவணகுமார் தன் இறுதிப் பிரகடனத்தைச் செய்தான்.

"இங்க பார் மாப்ள. சித்திர முடிஞ்சா பையனுக்கு மூணு முடியுது. அதுக்குள்ள உன் சாமி கெடச்சா சரி. கெடைக்கலன்னா எங்க கோயில்லதான் மொட்ட. ஹால் கீது, பார்க்கிங் கீது, குழாய தொறந்தா தண்ணி கீது. தங்கச்சி படற பேஜார பாத்துகினு நான் சும்மா இருக்க முடியாது."

ரகு கையிலெடுத்த பொங்கலை இலையிலேயே வைத்தான். மகனுக்கு மொட்டை விழுவதில் அவனுக்கு வருத்தமில்லை. மகன் வளர்ந்து, 'எங்கப்பா வழில யாரும் இல்ல, எல்லாம் மாமா வழிதான்' என்று சொல்லிவிடுவானோ என்பதுதான் அவன் நெஞ்சை அறுத்தது. அப்படி ஆகிவிட்டால் தான் எதற்கு அப்பனாக இருப்பது, வெறும் ரேஷன் கார்டுக்கா என்று தோன்றியது. சித்திரைக்குள் தேடிக் கண்டுபிடிப்பது என்று அன்றே வஞ்சினம் கூறினான். மனத்துக்குள்தான், சரவணகுமார் எதிரிலேயே நின்றிருந்தான்.

இனி நாயகனின் குலமுறை கூறுதல் வேண்டும். கதிரவனிலும் திங்களிலும் தொடங்கி இறங்கி வரும் குலமுறைகளைக் கேட்டிருப்பீர்கள். இது அவ்வளவு நேரம் எடுக்காது. ரகுவின் தந்தை பரசுராமன். பரசுராமனின் தந்தை இம்மானுவேல். இம்மானுவேலின் தந்தை யாரென்று தெரியாது. குலமுறை முற்றிற்று.

இந்த இம்மானுவேல்தான் சங்கிலி அறுந்த கண்ணி. நடவுக்கும் அறுப்புக்கும் கூலியாய்ப் போன அக்குடும்பத்தில் அவர்தான் முதன்முதலாக, வாலிபத்தில் ஞானஸ்நானம் பெற்று, பழைய பேரையும் பழைய சாமியையும் ஒரே நாளில் ஏரியில் விட்டுவிட்டுக் கரையேறினார். அவர் மகனோ, திருத்தணிப் பக்கத்துப் பெண்ணைக் கட்டுவதற்காக மறுபடி இந்துவாகி, பரசுராமன் என்று அட்டகாசமாய் ஒரு பேர் வைத்துக்கொண்டான். திரும்பி வந்தவன் சாமியையும் கையோடு கூட்டி வந்திருக்கலாம். அவனுக்கு அந்த ஞாபகமில்லை. ரகு பத்தாவது படிக்கும்போது ஞாபகம் வராமலே செத்தும் போனான். ரகு தன் தாயைக் கேட்டான். "உங்கப்பனா? மாட்டுப் பொங்கலுக்கே தூங்கிக்கினு இருந்த மனுசன், அந்தாளு எந்த சாமிய கும்புட்டான்" என்று அவள் விவாதத்தை முடித்தாள்.

பிறகு ஜோசியரிடம் போனான். ஜோசியர் சோழி உருட்டி, கண் மூடி, பெண் தெய்வம், கிழக்குப் பார்த்த முகம், பக்கத்தில் நீர்நிலை என்று மூன்று அடையாளம் அருளினார். திருவள்ளூர் மாவட்டத்து அம்மன்களில் முக்கால்வாசிப் பேர் இந்த அடையாளத்துக்குள் அடங்குவார்கள் என்பதை நம் நாயகன் யோசிக்கவில்லை. இருசக்கரப் புரவியில் ஏறி ஞாயிறுதோறும் திக்விஜயம் செய்தான். ஏரியுள்ள ஊரிலெல்லாம் இறங்கினான், அம்மன் உள்ள இடத்திலெல்லாம் கும்பிட்டான், பூசாரி உள்ள கோயிலிலெல்லாம், "எங்க தாத்தா இம்மானுவேல், அவரு இங்க கும்புட்டுகினு இருந்தாரா?" என்று கேட்டான். பேரைக் கேட்டதும் பூசாரிகள் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருவர் சர்ச் போகும் வழியைக் காட்டினார்.

தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனியும் பாதி போயிற்று. எஞ்சி நின்றது ஒரே ஒரு வாசல். அந்த வாசல் எளாவூரில் இருந்தது. இம்மானுவேலின் தம்பி மகன் தாவீது, பெரியப்பாவைப் பின்பற்றிக் கர்த்தரிடம் சேர்ந்தவர், ரகுவுக்குச் சித்தப்பா முறை, செக்போஸ்ட் அருகே பஞ்சர் கடை வைத்திருந்தார். பரசுராமன் மறுபடி இந்துவான நாள்தொட்டு இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருந்தும் ரகு மானத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டான்.

கொல்கத்தா நெடுஞ்சாலையில் நாற்றிசை லாரிகளும் அணிவகுத்து, உறுமி, புகைகக்கி, எல்லைக் காவலரின் கையசைவுக்குக் காத்துக்கிடக்கும் அந்தப் பெருங்களத்தின் ஓரத்தில், அடுக்கிய டயர்களே மதிலாகத் தாவீதின் கோட்டை நின்றது. 'கர்த்தர் உன்னைக் கைவிடார். டியூப்லெஸ் பஞ்சரும் பார்க்கப்படும்' என்று அதன் முகப்பில் எழுதியிருந்தது.

"சித்தப்பா, நம்ம சாமி எது?" என்றான் ரகு.

"பரலோகத்துல கீறாரு."

"அவரு இல்ல. அதுக்கு முன்னாடி இருந்தது."

தாவீது டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். குமிழி வந்தது, பதில் வரவில்லை. விக்கிரகங்களின் பேரை நாவால் உச்சரிப்பதில்லை என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்ன மனிதர் அவர். ரகு கெஞ்சினான், அவர் டியூபைத் தேய்த்தார். ரகு அழுதுவிடுபவன்போல் நின்றான். அவர் சொல்யூஷன் தடவினார். கடைசி அஸ்திரமாக அவன் தன் போனை எடுத்து, இரட்டைச் சடையோடு நின்ற சின்னாவின் படத்தை நீட்டினான்.

"பொண்ணா?" என்றார் தாவீது.

"பையன் சித்தப்பா. மொட்ட அடிக்க சாமி இல்ல. அதான் இப்பிடி."

தாவீதின் இரும்பு நெஞ்சம் காற்றிறங்கிய டயர்போல் தளர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தான் இப்போது செய்யப்போகும் பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு ஒரு சிறு ஜெபம் செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மூணு கல்லு நைனா. ஏரி மதகாண்ட ஒரு புங்கமரம், அது கீழ. வருசத்துக்கு ஒருவாட்டி எங்க தாத்தா ஒரு கோழிய இஸ்துகினு போவாரு, கூட என்னையும் இஸ்துகினு போவாரு. நான் மட்டும் திரும்பி வருவேன். நடுக்கல்லுக்குப் பச்சப் பொடவ சுத்துவாங்க. செல்லியம்மான்னு சொல்லுவாங்க. நான் சொல்லல."

"அந்தத் தாத்தா பேரு இன்னா சித்தப்பா?"

"எங்களுக்குத் தாத்தா. நெலத்துக்காரங்களுக்கு 'டேய்'. பேர யாரு கேட்டா."

"அந்த ஏரி எங்க கீது?"

தாவீது அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏரி ஏது இப்ப. மண்ணக் கொட்டி மேடாக்கி கம்பெனி கட்டிட்டாங்க. நீ வேலைக்குப் போற கம்பெனிதான்டா."

பூமி பிளந்தது, வானம் இடிந்தது என்றெல்லாம் இவ்விடத்தில் பாடுவது மரபு. நடந்தது அதுவல்ல. ரகு பக்கத்திலிருந்த லாரி டயரின்மேல் மெல்ல உட்கார்ந்தான், அது உருண்டது, அவனும் விழுந்தான்.

மறுநாள் முதல் ஷிப்டில், ஸ்க்ராப் யார்டின் மூலையில், இரண்டாம் கேட்டை ஒட்டி நிற்கும் புங்கமரத்தின் கீழ் அவன் வேழத்தை நிறுத்தினான். அங்கே மூன்று கற்கள் இருந்தன. அவற்றை அவன் நன்கறிவான். போன வருடப் பாதுகாப்பு வாரத்தில், வண்டிகள் மோதிவிடாதிருக்க, அவற்றுக்கு மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்ததே அவன்தான். அச்செயலைப் பாராட்டி நிர்வாகம் மேடையேற்றிக் கைதட்டி அவனுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசளித்தது. அதற்கு முந்தைய வருடம் ரிவர்ஸ் எடுக்கையில் நடுக்கல்லின் நெற்றியைப் பெயர்த்ததும் அவன்தான். அந்த ஹாட் பாக்ஸில் நாஷ்டா கொண்டுவந்து, அந்த நடுக்கல்லின் தலையிலேயே வைத்து, நாள்தோறும் தின்றவனும் அவனேதான். பச்சைப் புடவைக்காரியின் நெற்றியை உடைத்து, வரிப்புலித் தோலைப் போர்த்தி, அவள் உச்சந்தலையைச் சாப்பாட்டு மேசையாக்கிய மாபாதகன் வேறு யாருமல்லன், அவள் வீட்டுப் பிள்ளை.

அவன் காலணியைக் கழற்றப் போனான். சேஃப்டி ஷூவைக் கழற்றினால் மெமோ என்பது நினைவுக்கு வந்து கையை எடுத்தான். ஹெல்மெட்டோடும் ஷூவோடும் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து, "தெரியாம பண்ணிட்டேம்மா" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அந்த வழியாகப் போன இருவர் அவனுக்கு ஷாக் அடித்துவிட்டதென்று எண்ணி மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார்கள்.

செய்தி கேட்ட சரவணகுமார் செவ்வாப்பேட்டையிலிருந்து போனிலேயே சிரித்தான். "கம்பெனிக்குள்ள குலதெய்வமா? அடுத்து மெஷின காட்டி முனீஸ்வரன்னு சொல்லுவியா மாப்ள? சரி, அங்கயே மொட்ட அடி. நான் கண்ணால பாக்கறேன்." இது போர் அழைப்பு. ரகு மனிதவளத் துறையின் கண்ணாடிக் கதவைத் தட்டி அனுமதி கேட்டான். பதினெட்டு வயது நிறையாத எவருக்கும் வளாகத்துள் அனுமதியில்லை, மூன்று வயதுப் பையனை உள்ளே விட்டால் குழந்தைத் தொழிலாளர் கேஸ் ஆகிவிடும் என்று பதில் வந்தது. இருந்தும் அவன் லீவு போட்டு நாள் குறித்தான். கேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பினான். அவன் நம்பிக்கைக்கு வேறு ஆதாரம் எதுவும் இல்லை.

குறித்த நாளில், சித்திரை வெயில் உச்சியேறும் வேளையில், படை புறப்பட்டது. முன்னே ரகு, தாம்பாளத்தில் தேங்காயும் பழமும் பச்சைப் புடவையும் ஏந்தி. அவன்பின் அருணா, இடுப்பில் இரட்டைச் சடை இளவரசனைச் சுமந்து. அதன்பின் சலூன்காரர், உறையுள் உறங்கும் கூர்வாளோடு. கடைசியாக, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை சரசரக்க, கூலிங் கிளாஸ் பளபளக்க, தோற்கப்போகும் எதிரியின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே ரயிலேறி வந்த சரவணகுமார். அவர்கள் இரண்டாம் கேட்டின் முன் வந்து நின்றார்கள்.

வாயில் காத்து நின்றவர் மணவாளன். செக்யூரிட்டி சூப்பர்வைசர் என்பது அவர் விருது. அந்தக் கேட் நிற்கும் இடத்தில் அவர் பாட்டனார் நெல் விளைத்தவர். அந்த நிலமும் போய், இப்போது அதே இடத்தில் சீருடை மாட்டிக்கொண்டு, உள்ளே போகிற லாரியின் அடிவயிற்றைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். படையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பையன் உள்ள போவக்கூடாது ரகு."

"சார், அரை மணி நேரம்."

"அரை நிமிசம்கூட முடியாது. கத்தி போவக்கூடாது. இவரு ஷூ போடல, இவரும் போவக்கூடாது." சரவணகுமாரின் செருப்பை அவர் விரல் சுட்டியது. "இன்னா அது, கற்பூரமா? கற்பூரம் கொளுத்தணும்னா ஹாட் ஒர்க் பர்மிட் வாங்கணும்."

ஆயிரத்தறுநூறு பாகையில் இரும்பு கஞ்சியாய்க் கொதித்துக்கொண்டிருந்த ஆலை அது. அதன் வாயிலில் விரல்நகமளவு கற்பூரம் தடுத்து நிறுத்தப்பட்டது. ரகு வாதாடினான், கும்பிட்டான், சட்டம் பேசினான், சட்டத்தை விட்டுவிட்டுக் கெஞ்சினான். சொல்லெல்லாம் அந்தக் காக்கிச் சுவரில் பட்டு உதிர்ந்தது. பின்னால் சரவணகுமார் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். அதுதான் ரகுவுக்குப் பொறுக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. வெயிலில் சின்னா தலையைச் சொறிந்துகொண்டே அழ ஆரம்பித்தான்.

மணவாளன் பையனைப் பார்த்தார். புங்கமரத்தைப் பார்த்தார். சிறுவயதில் அந்தக் கற்களுக்குப் பொங்கல் வைப்பதை வரப்பில் நின்று அவரும் பார்த்திருக்கிறார். கிட்டே போக அவர் வீட்டில் விட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வாயிலின் வரலாற்றிலேயே நிகரற்ற தீர்ப்பை வழங்கினார்.

"கொழந்த உள்ள போவாது. முடி போவும். முடின்னா அது மெட்டீரியல்."

ஆகா, என்றது தாம்பாளத்துத் தேங்காய். கேட்டுக்கு எதிரே டீக்கடையின் தார்ப்பாய் நிழலில், புங்கமரம் கண்ணுக்குத் தெரியும்படியாக ஒரு பெஞ்சு போடப்பட்டது. மாமன் மடியில் உட்கார்த்திதான் முடியெடுக்க வேண்டும் என்பது யாராலும் மாற்றவொண்ணாத விதி. பழிக்க வந்தவனே பீடமாக நேர்ந்தது. சரவணகுமார் உட்கார்ந்தான், சின்னா அவன் மடியில் இருத்தப்பட்டான், வாள் உறை நீங்கியது.

அதன்பின் நிகழ்ந்த சமரை எங்ஙனம் பாடுவோம்? இளவரசன் வலக்காலால் உதைத்தான், கூலிங் கிளாஸ் பறந்தது. இடக்காலால் உதைத்தான், டீ கிளாஸ் கவிழ்ந்தது. மாமனின் பெருவிரலைக் கடித்தான், மாமன் அலறினான், சலூன்காரர் அசையாதீங்க என்று மாமனைத்தான் அதட்டினார். கொத்துக் கொத்தாய் விழுந்தது முடி, அதில் குடியிருந்த குலங்களெல்லாம் ஒரே பகலில் புலம்பெயர்ந்தன. கத்தி பின்மண்டைக்கு வந்த வேளையில் இளவரசன் தன் கடைசிப் படைக்கலத்தைப் பிரயோகித்தான். செவ்வாப்பேட்டையில் இஸ்திரி போட்ட அந்த வெள்ளை வேட்டி, இடுப்பிலிருந்து முழங்கால் வரை, வெதுவெதுப்பாக நனைந்தது. தாய்மாமன் எழ முடியாது, எழுந்தால் கத்தி பட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

அருணா பளபளத்த அந்தச் சிறு மண்டைக்குச் சந்தனம் குழைத்துப் பூசினாள். அவள் கண்ணில் இரண்டு வருடக் களைப்பு வழிந்தது. "யார் ஊட்டு சாமியோ இருந்துட்டு போட்டும்ணா. பேன் போச்சு" என்றாள் அண்ணனிடம். சரவணகுமார் ஈர வேட்டியைப் பிழிந்தபடி தலையாட்டினான்.

மணவாளன் கேட் பாஸ் எழுதினார். மெட்டீரியல்: முடி. அளவு: ஒரு மூட்டை. "திரும்பி வெளிய வருமா?" என்று கேட்டார். "வராது சார்" என்றான் ரகு. நான்-ரிட்டர்னபிள் என்ற கட்டத்தில் டிக் போட்டு, சீல் குத்தி, முடியை மூட்டை கட்டிய மஞ்சள் துணியின் மேலும் ஒரு சீல் குத்தினார். போனை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே படமெடுக்கத் தடை. ஹெல்மெட்டை மாட்டி, ஷூவின் நாடாவை இறுக்கி, வம்சத்தின் முடியை ஒரு கையிலும் பச்சைப் புடவையை மறு கையிலும் ஏந்தி, ரகு கேட்டைக் கடந்தான். கம்பிகளுக்கு இந்தப்புறம் நின்று சரவணகுமார் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

"மாப்ள. எங்களுக்கும் சேத்து கும்புட்டுக்கோ."

ரகு திரும்பிப் பார்த்துத் தலையசைத்தான். புங்கமரத்தடிக்குப் போனான். நடுக்கல்லுக்குப் புடவையைச் சுற்றினான். மஞ்சள் பட்டையும் கறுப்புப் பட்டையும் பச்சைக்குள் மறைந்தன. சட்டைப் பையிலிருந்த குங்குமத்தை உடைந்த நெற்றியில் வைத்தான். கொளுத்தாத கற்பூரத்தை வைத்தான். மூட்டையை அவிழ்த்து முடியை அவள் முன்னால் போட்டான். குலதெய்வத்தின் முன் நின்றால், வந்திருப்பவன் இன்னார் வழியில் இன்னார் மகன் என்று பேர்சொல்லிக் கும்பிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ஃபர்னஸ் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படியாக உரக்கச் சொன்னான்.

"அன்புராஜ் முடிம்மா இது. நான் அவன் அப்பன், ரகு. பரசுராமன் பையன். இம்மானுவேல் பேரன்." புடவையின் தலைப்பை இழுத்துச் சரிசெய்தான். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். நெஞ்சு லேசாக இருந்தது. மதகும் ஏரியும் நடவு வயலும் இருந்த அந்த மண்ணில், பேரில்லாத அத்தனை பேரும் தனக்குப் பின்னால் வரிசையாக வந்து நிற்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. அந்த வரிசையின் தலைமாட்டில் நின்று, முதல்முறையாக, முதுகை நிமிர்த்தி, செவ்வாப்பேட்டையையும் அதன் ஹாலையும் அதன் பார்க்கிங்கையும் வென்ற பெருவேந்தனாய் ரகு ஸ்க்ராப் யார்டை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான். யார்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஷிப்ட் சூப்பர்வைசர் அவனைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததால், லீவு போட்டிருந்த ரகு அன்றைக்குச் செகண்ட் ஷிப்ட் பார்த்தான்.